நேற்று என்ன சாப்பிட்டனீ?

அம்மாமாரைப் பற்றி நீங்கள் ஒவ்வொருவரும் நம் வகுப்புக் குழுவில் எழுதியதை ஒன்றுவிடாமல் வாசித்தேன். ஒருத்தியின் அம்மா பள்ளிக்கூட வாசலில் மழைக்குள் குடையோடு நிற்பாராம். இன்னொருத்தியின் அம்மா எண்ணெய் வைத்துத் தலை பின்னிக்கொண்டே வாய்ப்பாடு சொல்லித் தருவாராம். மூன்றாமவள் தன் அம்மா சுட்ட பயத்தம் பணியாரத்துக்கே இரண்டு பக்கம் செலவழித்திருக்கிறாள். நன்றாகத்தான் எழுதுகிறீர்கள். எனக்குப் பொறாமையாக இருக்கிறது. நாலாம் வகுப்பில் உங்கள் இரட்டைப் பின்னல்களைப் பார்த்து வந்த அதே பொறாமை. எனக்குத்தான் தலைமயிரைக் காதோடு ஒட்ட வெட்டியிருந்ததே. அப்பாவுக்குச் சமைக்கத் தெரியும், பின்னத் தெரியாது. அம்மாவுக்குப் பின்னத் தெரியும், நேரமில்லை.

‘நீ ஏன் ஒன்றும் எழுதவில்லை, உன் அம்மா எல்லாருக்கும் தெரிந்த டொக்டராச்சே’ என்று கேட்டிருந்தீர்கள். அதுதான் சங்கதி. எல்லாருக்கும் தெரிந்தவர். அம்மா போய் நாற்பது நாளாகிறது. நீங்கள் எழுதியதுபோல இனிப்பாக எனக்கு எழுத வராது. ஒரு ஓகஸ்ட் விடுமுறையில் நான் செய்த வேலையைச் சொல்கிறேன். இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை, ஒருத்தியைத் தவிர.

வெள்ளவத்தையில் எங்கள் வீடு காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் இருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கடலோரத் தண்டவாளத்தில் கோச்சி போகும்போது யன்னல் கண்ணாடி அதிரும். உங்கள் வீட்டு முன்னறைகளில் கண்ணாடி அலுமாரியும் அதற்குள் பொம்மைகளும் இருந்தன. எங்கள் முன்னறையில் ரோணியோ மெஷின் இருந்தது. அதில் அம்மாவின் கட்சித் துண்டுப் பிரசுரங்கள் கறுப்பு மையில் ஈரமாக விழும். அவற்றைத் தொடக் கூடாது, அவற்றின் மேல் இருக்கக் கூடாது, அவை காயும்வரை மின்விசிறி போடக் கூடாது. அம்மாவின் சேலையில் ஸ்பிரிட்டும் ரோணியோ மையும் சேர்ந்து மணக்கும். மற்ற அம்மாமாரிடம் வெங்காய மணமும் பவுடர் மணமும் வருவதை நான் பிறந்தநாள் விருந்துகளில் கிட்டப் போய் முகர்ந்து பார்த்திருக்கிறேன்.

அம்மாவின் டிஸ்பென்சரி கொட்டாஞ்சேனையில், பாண் சுடுகிற ஒரு பேக்கரிக்குப் பக்கத்தில். காலையில் காலி வீதியில் பஸ் ஏறிப் பொரளையில் மாறிப் போவார். இரவு எட்டு மணிக்கு வருவார். கூட்டம் இருந்தால் இன்னும் பிந்தும். அப்பா ரயில்வே கந்தோரில் எழுதுவினைஞர். ஐந்து மணிக்கு வந்து சாரத்தைக் கட்டிக்கொண்டு குசினிக்குள் இறங்குவார். வருகிற சொந்தக்காரர் எல்லாம் “பாவம் மனுசன்” என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். அப்பாவின் கையால் அவித்த புட்டும் அவர் வைத்த மீன் குழம்பும் அந்த ஒழுங்கையில் வேறெந்த வீட்டிலும் கிடையாது. அதைப் பற்றி நான் மூன்று பக்கம் எழுதலாம். ஆனால் நீங்கள் கேட்டது அம்மாவைப் பற்றி.

பள்ளிக்கூட மதிலில் ஏறி ஊர்வலம் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? “உன்ர அம்மா முன்னுக்குப் போறா” என்று கத்தியவள் உங்களில் ஒருத்திதான். அம்மா ஒரு கையில் பதாகையும் இடுப்பில் யாருடையதோ ஒரு பிள்ளையுமாகப் போனார். நீங்கள் எல்லாரும் என்னைப் பெருமையாகப் பார்த்தீர்கள். நான் பார்த்தது அந்தப் பிள்ளையை. மூக்கு ஒழுகிக்கொண்டு அம்மாவின் தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அம்மா மதில் பக்கம் திரும்பவே இல்லை.

இன்னொன்று. டிஸ்பென்சரிக்கு வருகிற பிள்ளைகளை எல்லாம் அம்மா “குஞ்சு” என்று கூப்பிடுவார். “நாக்கை நீட்டு குஞ்சு, எங்கை நோகுது குஞ்சு.” வீட்டில் நான் “பிள்ளை”. “பிள்ளை, என்ர கண்ணாடி எங்கை? பிள்ளை, அந்தக் கடுதாசியைக் கொண்டா.” ஒருநாள் டிஸ்பென்சரியில் மருந்து கட்டித் தருகிற முஸ்லிம் நானாவிடம், எனக்கும் உடம்புக்கு வருத்தம், நம்பர்த் துண்டு தாருங்கள் என்று கேட்டு வரிசையில் போய் இருந்தேன். என் முறை வந்ததும் அம்மா நிமிர்ந்து பார்த்து, “இஞ்சை என்ன செய்யிறாய் பிள்ளை, ஆக்கள் நிக்கினம், எழும்பு” என்றார். நானா எனக்கு ஒரு இருமல் மிட்டாய் தந்தார். “டொக்டர் மகளுக்கு என்னா வருத்தம் வரப் போகுது, போங்க மகள்” என்றார்.

இனி அம்மாவின் ஆராய்ச்சிக்கு வருகிறேன். முகத்துவாரத்தில், கடலோரத் தோட்டம் ஒன்றில், தாய்மாருக்கும் பிள்ளைகளுக்குமாக ஒரு சின்னக் கிளினிக் இருந்தது. தோட்டம் என்றால் மரம் செடி இல்லை, ஒரு குழாயைச் சுற்றி நெருக்கிக் கட்டின பலகை வீடுகள். அந்தக் கிளினிக்கை மூடிவிட்டார்கள். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளைப் போலத்தான் இருக்கிறார்கள், தனியாக ஒன்று தேவையில்லை என்று காரணம் சொன்னார்களாம். ‘மற்றப் பிள்ளைகளைப் போல’ என்ற சொல் அம்மாவை அப்படிப் பிடித்துக்கொண்டது. சரி, மற்றப் பிள்ளைகளோடு வைத்துப் பார்ப்போம் என்று வெளிக்கிட்டார். முகத்துவாரத்தில் ஒரு பிள்ளை, அதே வயதில் வெள்ளவத்தையில் ஒரு பிள்ளை. இரண்டும் ஒரு சோடி. இருவரின் உயரம், நிறை, நேற்றுச் சாப்பிட்டது எல்லாவற்றையும் ஆளுக்கொரு தாளில் எழுதி, இரண்டு தாளையும் சேர்த்து ஒரு குண்டூசி. அப்படிச் சோடி சோடியாகக் கொண்டுபோய் அதிகாரிகளின் மேசையில் வைத்தால் யாரும் வாய் திறக்க முடியாது என்றார்.

உயரம் அளக்க எங்கள் ஒழுங்கைத் தச்சனிடம் ஒரு பலகை செய்வித்தார். மூன்றாக மடியும். பித்தளைப் பிணைச்சல், பச்சைப் பெயின்ற், தலையில் வந்து இருக்கிற ஒரு சின்னத் தட்டு. அதை பஸ்ஸில் ஏற்றும்போது கண்டக்டர் “மொக்கத நோனா மே?” என்று, இது என்னவெனக் கேட்பார். பிள்ளைகளை அளக்கிறது என்று அம்மா சிங்களத்தில் சொல்வார். “மகே உசத் மனின்ன” என்று அவர் தன்னையும் அளக்கச் சொல்லிச் சிரிப்பார். அம்மாவும் சிரிப்பார். அந்தப் பலகை அம்மாவின் மடியில் தலை வைத்தபடி பொரளை வரை போகும்.

சாப்பாட்டைக் கேட்பதற்கு அம்மாவிடம் ஒரு முறை இருந்தது. பிள்ளையைத் தனியாக ஒரு நீள மர வாங்கில் இருத்த வேண்டும். தாய் தகப்பன் பக்கத்தில் நிற்கக் கூடாது. கேள்வி ஒரே கேள்விதான்: “நேற்று விடிஞ்சதில இருந்து படுக்கும்வரைக்கும் என்னென்ன சாப்பிட்டனீ? ஒண்டும் விடாமல் சொல்லு.” பிள்ளை சொன்னதை அப்படியே எழுத வேண்டும். எடுத்துக் கொடுக்கக் கூடாது, திருத்தக் கூடாது. “பிள்ளை பிழையாச் சொன்னா அது பிள்ளையின்ர பிழை. நாங்கள் திருத்தினா அது எங்கட பொய்” என்று அப்பாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது.

சோடிகளில் என்னையும் சேர்த்தார். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை.

“எங்கட பிள்ளையை ஏன் இதுக்கை இழுக்கிறீர்?”

“மற்றவையின்ர பிள்ளையளை அளந்து எழுதேக்கை என்ர பிள்ளை மட்டும் ஒளிச்சிருக்கிறதோ?”

எனக்கோ தலைகால் தெரியாத சந்தோஷம். அம்மாவின் கடதாசிக் கட்டுக்குள் கடைசியில் எனக்கும் ஒரு தாள். பிறகுதான் தெரிந்தது, அந்தத் தாளோடு குத்தப்போகிற மற்றத் தாள் யாருடையது என்று.

அது முகத்துவாரத்துச் சிறுமி ஒருத்தியின் தாள். அவளும் நானும் ஒரே வருஷத்தில் ஒரே கிழமைக்குள் பிறந்தவர்கள். தாய் மீன் வாடியில் இறால் உடைக்கப் போவாள், வீட்டையும் தங்கச்சியையும் பார்ப்பது இவள்தான். அம்மா முதலில் அவளை அளந்துவிட்டு வந்த நாளில் இருந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் அவள்தான் பேச்சு. “அந்தப் பெட்டை என்ன கெட்டிக்காரி தெரியுமே? தங்கச்சியை இடுப்பில வச்சுக்கொண்டு நிண்டபடி கணக்குச் செய்யிறாள்.” “அவளுக்கு ஒரு காது ஒழுகுது. நான் வாற வழியில நிண்டு பஞ்சு வச்சுத் துடைச்சுவிட்டனான். ஒரு சத்தம் போடேல்லை.” நான் புட்டை உருட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். அவளுடைய நிறை அம்மாவுக்குத் தெரியும். அவளுக்கு எந்தப் பல் விழுந்தது, எந்தப் பல் ஆடுகிறது என்பது தெரியும். என் முன்பல் விழுந்து இரண்டு நாள் கழித்துத்தான், “இதென்ன, எப்ப விழுந்தது?” என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கேட்டு வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, முன்னறை நடுவில் நின்று பெருக்கல் கணக்குச் செய்தேன். அம்மா வரும் நேரம் பார்த்துத்தான். அம்மா அன்றைக்குப் பிந்திவிட்டார். குழந்தை என் சட்டையில் மூத்திரம் பெய்ததுதான் மிச்சம்.

விடுமுறை தொடங்கியது. வெள்ளவத்தைப் பிள்ளைகளை எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரவர் வீட்டுக்குப் போய்த் தனித்தனியாகக் கேட்டு முடித்துவிட்டார். உங்களிலும் இரண்டு பேரைக் கேட்டார். நான் வீட்டில்தானே இருக்கிறேன், எப்போதும் கேட்கலாம். “நாளைக்குக் கேக்கிறன் பிள்ளை” என்று நாலு தரம் சொன்னார். கடைசியில் தாள்களைக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. “நாளைக்கு நீயும் என்னோட முகத்துவாரத்துக்கு வா. அந்தப் பெட்டையிட்டையும் சாப்பாடு இன்னும் கேக்கேல்லை, ரெண்டு பேரையும் ஒண்டாக் கேட்டிடுவம்” என்றார். தன் முறையை அம்மா மீறியது அந்த ஒரு தடவைதான். எனக்காக ஒதுக்க நேரம் இல்லாததால் மீறினார். இது எனக்கு விளங்க நாற்பது வயது தாண்டியது. அன்றைக்கு விளங்கியதெல்லாம் ஒரு முழுநாள் அம்மாவோடு போகிறேன் என்பதுதான்.

வெள்ளைக் கழுத்து வைத்த நீலச் சட்டை போட்டேன். சப்பாத்தும் சொக்ஸும் போட்டேன். அப்பா விடிய எழும்பி டிபன் கரியரில் புட்டு, மீன் குழம்பு, அவித்த முட்டை, ஒரு கறுத்தக்கொழும்பான் மாம்பழம் எல்லாம் அடுக்கித் தந்தார். முழங்காலில் எனக்கு ஒரு கிழமையாக ஒரு புண் இருந்தது. அதை அம்மா இன்றைக்குப் பார்ப்பார் என்று மூடியிருந்த பிளாஸ்திரியைப் பஸ்ஸுக்குள்ளேயே பிய்த்துவிட்டேன்.

அங்கேயும் அதே கடல்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் நாங்கள் காற்று வாங்கப் போகிற கடல் அங்கே வேலைத்தலமாக இருந்தது. வலைகள், மண்ணெண்ணெய், கருவாட்டு வாடை. குழாயடியில் வாளி வரிசை ஒழுங்கை முடக்கு வரை நின்றது. மூடிக் கிடந்த கிளினிக்கின் கதவில் துருப்பிடித்த பூட்டு, படியில் ஓர் ஆடு. அந்த விறாந்தையில்தான் அம்மா வாங்கைப் போட்டு எல்லாரையும் அளந்தார். வேண்டுமென்றேதான் அந்த இடம்.

அவள் வந்தாள். இடுப்பில் தங்கச்சி. தோளில் ஊசி குத்தின பெரிய சட்டை, வெறுங்கால். அம்மா அவள் நாடியைப் பிடித்துத் திருப்பி, ரோச் வெளிச்சம் அடித்து இடது காதுக்குள் பார்த்தார். “இன்னும் ஒழுகுதோ குஞ்சு? மருந்து முடிஞ்சுதோ?” பஞ்சு சுருட்டித் துடைத்தார், இன்னொரு பஞ்சு சுருட்டித் துடைத்தார். நான் முழங்காலை நீட்டிக்கொண்டு இருந்தேன். அம்மா அதைக் கடந்து போய்ப் பலகையை விரித்தார்.

முதலில் அவள், பிறகு நான். குதிக்கால் பலகையில் முட்ட வேண்டும், தலை நேரே. அம்மாவின் கை என் நாடிக்குக் கீழே வந்தது. அது கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று நான் கூனிக் கூனி நின்றேன். “நேர நில்லு” என்று இரண்டு முறை நிமிர்த்தினார். ஒரே கிழமையில் பிறந்தும் அவள் என்னைவிட நாலு விரற்கடை குறைவு. அம்மா அதை எழுதும்போது முகம் இறுகியது. அந்த முகத்தைக் கண்டும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. கட்டையாக இருப்பதற்கும் அவளுக்கு ஒரு பரிசு.

வாங்கில் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் இருத்தினார். கரியர் எனக்கும் அவளுக்கும் நடுவில் இருந்தது. அவளிடம் முதலில் கேட்டார்.

அவள் என் சப்பாத்தைப் பார்த்தாள். சொக்ஸைப் பார்த்தாள். கரியரைப் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்திச் சொன்னாள்: “காலைல முட்ட, டொக்டர். ஒரு கிளாஸ் பாலு. மத்தியானம் சோறு, மீனு, பருப்பு. மாம்பழம். ராவைக்கும் மீனு.”

அம்மாவின் பேனை ஓர் இமைப்பொழுது நின்றது. பிறகு எழுதியது.

எனக்கு உள்ளே எரிந்தது. முட்டையும் பாலும் மீனும் தின்றுவிட்டு என் அம்மாவின் கையையும் எடுத்துக்கொள்கிறாளே என்று. அவள் சொன்னது பொய்யாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை, சத்தியமாகத் தோன்றவில்லை. ஒன்பது வயது. அம்மா என் பக்கம் திரும்பி அதே கேள்வியைக் கேட்டார். அதுவரை என் வாழ்க்கையில் அந்தக் கேள்வியை அம்மா என்னிடம் கேட்டதில்லை. அம்மா என் கண்ணைப் பார்த்துக்கொண்டு என் பதிலுக்காகப் பேனையைப் பிடித்தபடி இருந்தார்.

“காலமை தேத்தண்ணி” என்றேன். “மத்தியானம் ஒண்டுமில்லை. பின்னேரம் பாண்.”

அம்மா பேனையைக் கீழே போடுவார் என்று நினைத்தேன். ‘என்ன சொல்லுறாய் குஞ்சு?’ என்று என்னைத் தூக்குவார் என்று நினைத்தேன்.

“வேற?” என்றார் அம்மா.

“வேற ஒண்டுமில்லை.”

எழுதினார். இரண்டு தாளையும் சேர்த்துக் குண்டூசி குத்தினார். அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். என் பக்கத்தில் இருந்தவள் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு போனாள். மத்தியானம் ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகு கரியரை எப்படித் திறப்பது? பசியோடு பின்னேரம்வரை அதைக் காவல் காத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் அப்பா ஒவ்வொரு தட்டாகக் கழற்றினார். மீன் பழுதாகிவிட்டது. “ஏன் பிள்ளை, ஒண்டும் சாப்பிடேல்லையே?” என்றார். வயிற்றுக்குத்து என்றேன்.

அடுத்த கிழமை அந்தக் கூட்டம். நகரத்துச் சுகாதார விடயங்களைத் தீர்மானிக்கிற குழு ஒன்று, நீண்ட மேசை, தண்ணீர்க் கூசாக்கள். முகத்துவாரத்தில் இருந்து தாய்மார் பலர் வந்து பின் வரிசை வாங்குகளில் இருந்தார்கள். அவளுடைய தாயும் இருந்தாள். அப்பாவும் நானும் அவர்களுக்குப் பின்னால். அந்தக் கிளினிக் திறக்குமா இல்லையா என்பது அன்றைக்கு முடிவாகும் என்று எல்லாருக்கும் தெரியும். அம்மா எழும்பி, சோடிகளை விளக்கினார். “என் மகளும் இந்தத் தாள்களில் ஒருத்தி, நான் யாரையும் ஒளிக்கவில்லை” என்று ஆங்கிலத்தில் சொன்னார். எனக்குக் காது சூடாகியது.

தலைமை வகித்தவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “அப்படியென்றால் அந்தத் தாளையே பார்ப்போமே” என்றார். எடுத்தார். இரண்டையும் உரக்க வாசித்தார். முகத்துவாரப் பிள்ளைக்கு முட்டை, பால், இரண்டு வேளை மீன். டொக்டரின் மகளுக்குத் தேத்தண்ணீரும் பாணும். மேசை முழுக்கச் சிரித்தது. கிளினிக் வெள்ளவத்தையில் அல்லவா திறக்க வேண்டும் என்றார். இன்னும் சிரித்தார்கள். பின் வரிசைத் தாய்மாருக்கு ஆங்கிலம் விளங்கவில்லை. மேசைக்காரர் சிரிப்பதைப் பார்த்து அவர்களில் சிலரும் மரியாதைக்குச் சிரித்தார்கள்.

“இது உண்மையா, டொக்டர்?”

அம்மா திரும்பிக் கூட்டத்துக்குள் என்னைத் தேடிப் பிடித்தார். என் பக்கத்தில் அப்பா பாதி எழும்பினார். விடிய எழும்பி அந்தச் சாப்பாட்டை அவித்த மனிதர். ஒரு சொல் சொன்னால் போதும். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அப்பா மெல்ல இருந்தார்.

“பிள்ளை சொன்னதைத்தான் எழுதினேன்” என்றார் அம்மா. உயரத்தைப் பாருங்கள், நிறையைப் பாருங்கள், அவை வாயால் சொல்வது இல்லையே என்றார். அதற்குள் தாள் கோவையை மூடிவிட்டார்கள்.

என் பிள்ளை பொய் சொன்னாள் என்று அம்மா ஏன் அங்கே சொல்லவில்லை? பிள்ளையின் சொல்லைத் திருத்துவதில்லை என்ற கொள்கைக்காக என்று வெகுகாலம் நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. பொய் என்று சொல்வதற்கு நான் என்ன சாப்பிட்டேன் என்று தெரிந்திருக்க வேண்டும். அம்மாவுக்குத் தெரியாது. அந்தக் கேள்வி கேட்டதும் அம்மாவுக்கே அது உறைத்திருக்கிறது. அப்பாவுக்கும் அம்மாவின் முகத்தில் அது தெரிந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து அம்மா என்னை ஏசவில்லை, அடிக்கவில்லை. அன்றைக்கு அடித்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். கொஞ்ச நாளைக்கு நான் சாப்பிடும்போது எதிரே வந்து இருந்து தட்டைப் பார்த்தார். பிறகு ஒரு வேலைநிறுத்தம் வந்தது, தட்டைப் பார்ப்பதும் நின்றுபோனது.

மழைக்காலத்தில் ஒருநாள் அம்மா நனைந்து வந்து, சேலை மாற்றாமல் குசினி வாசலில் நின்று அப்பாவிடம் சொன்னார். அவளுடைய காதில் சீழ் உள்ளுக்குள் இறங்கிவிட்டது. காய்ச்சலோடு தாய் பொரளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வரிசையில் இருந்து, திருப்பி அனுப்பி, மறுபடி கொண்டுபோய், வெட்டி எடுத்திருக்கிறார்கள். உயிருக்குப் பயமில்லை. இடது காது இனிக் கேட்காது. “கிட்ட ஒரு கிளினிக் இருந்திருந்தா…” என்று தொடங்கி, மேசையில் நான் இருப்பதைக் கண்டு நிறுத்தினார். பிறகு அழுதார். அம்மா அழுது நான் முதல்முதல் பார்த்தது அன்றைக்குத்தான். இதையும் எழுதிவிடுகிறேன், நீங்கள் என்னை என்ன நினைத்தாலும் சரி: அந்த நேரத்திலும் எனக்குப் பொறாமையாக இருந்தது. எனக்காக ஒருநாளும் அழாதவர் என்று.

இரண்டு வருஷம் கழித்து, தாய்மாரை ஊர்வலமாகக் கூட்டிக்கொண்டு போய்த்தான் அம்மா அந்தப் பூட்டைத் திறப்பித்தார்.

அவள் வளர்ந்து, அதே கிளினிக்கில் உதவியாளராக வேலைக்குச் சேர்ந்து, ஓய்வும் பெற்றுவிட்டாள். அம்மாவின் கடைசி வருஷங்களில் மாதம் ஒருமுறை மீன் வாங்கிக்கொண்டு வருவாள். அம்மாவின் இடப்பக்கமாகக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொள்வாள். அப்போதுதானே கேட்கிற காது அம்மாவின் பக்கம் இருக்கும். இரண்டு பேரும் கதைத்துச் சிரிக்கிற சத்தம் எனக்குக் குசினிக்குள் கேட்கும். நான் பாத்திரங்களைக் கொஞ்சம் பலமாகவே வைப்பேன்.

அம்மாவின் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து, என் பிள்ளைகள் கனடாவுக்குத் திரும்பி, கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, போன கிழமை அவள் வந்தாள். அம்மாவின் தகரப் பெட்டியைத் திறந்து கடதாசிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பச்சைப் பலகையைத்தான் தேடுகிறேன், காணவில்லை என்றேன்.

“அது எங்க வீட்டுல இருக்குதே” என்றாள். “டொக்டரம்மா எனக்குக் குடுத்தாங்க. பேரப் புள்ளைகளக்கூட அதுலதான் அளக்குறேன்.”

எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை அம்மா. பார்த்தீர்களா, இந்த வயதிலும்.

சோடித் தாள்கள் அடியில் கிடந்தன. எங்களுடையதில் குண்டூசி துருப்பிடித்து இரண்டையும் ஒட்டவைத்திருந்தது. என் தாளின் ஓரத்தில் அம்மா ஏதாவது எழுதியிருப்பார் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. தேத்தண்ணீர், பாண், அவ்வளவுதான். அவளிடம் நீட்டினேன். அவளுடைய வலப்பக்கம் போய் இருந்துகொண்டு, “நான் அண்டைக்குச் சொன்னது பொய்” என்றேன்.

“தெரியும். பக்கத்துலதானே இருந்தேன். அப்ப எனக்கு ரெண்டு காதும் நல்லா கேக்கும்.” தாளைத் தூரப் பிடித்து வாசித்தாள். “கேரியர்ல இருந்து மீன் கொழம்பு வாசம் வந்துக்கிட்டே இருந்துச்சு. இந்தப் புள்ள ஏன் என் சாப்பாட்டச் சொல்லுதுன்னு நெனச்சேன்.”

“நீங்கள் என்ர சாப்பாட்டைச் சொன்னீங்களே.”

“ஒங்க சப்பாத்துக்கு முன்னாடி வேற என்னாத்தச் சொல்ல?” என்றாள். “அந்த அம்மாவும் ஒங்களுக்கு, அந்த மீனும் ஒங்களுக்கு. எனக்கு வயித்தெரிச்சல்.”

“கிளினிக் அண்டைக்குத் திறந்திருந்தா உங்கட காது…”

அவள் இல்லை என்று சொல்லவில்லை. “தொறந்திருந்தா டொக்டரம்மா பாத்திருப்பாங்க” என்றாள். தாள்களை மடித்துப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். வலது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு, என் முகத்தையும் கழுத்தெலும்பையும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“நேத்து விடிஞ்சதுல இருந்து படுக்குற வரைக்கும் என்னென்ன சாப்பிட்டீங்க? ஒண்ணும் விடாம சொல்லுங்க.”

நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. “காலமை தேத்தண்ணி. மத்தியானம் ஒண்டுமில்லை. பின்னேரம் பாண்” என்றேன். நேற்று மட்டுமல்ல, பிள்ளைகள் போன நாளில் இருந்தே அதுதான்.

அவள் என்னை நம்பவில்லை. எழும்பிக் குசினிக்குள் போய், ஒவ்வொரு சட்டியாக மூடியைத் திறந்து பார்த்தாள்.